ஒரே நேரத்தில் மூன்று போப்புகள் இருந்தபோது, உண்மையானவர் யார் என்று மக்களுக்கு எப்படித் தெரிந்தது?

தெரியவில்லை என்பதுதான் நேர்மையான பதில். அந்தக் காலத்துப் புனிதர்களே இதில் இரண்டு பக்கமாக நின்றார்கள்.

இயேசுவின் சீடர் பேதுரு தொடங்கி இன்றுவரை போப்புகளின் வரிசை அறுபடாத சங்கிலி என்று மறைக்கல்வி வகுப்பில் படித்து வளர்ந்தவன் நான். 1378 முதல் 1417 வரை நடந்ததை முதன்முதலாக வாசித்தபோது பல நாட்கள் மனம் ஆறவில்லை.

இன்றைய பிரான்சில் உள்ள அவிஞ்ஞோனில் ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் இருந்த போப்பின் இருப்பிடத்தைப் பதினோராம் கிரகோரி 1377இல் உரோமைக்கு மீட்டு வந்தார். மறு ஆண்டே இறந்துபோனார். போப் மறுபடியும் பிரான்சுப் பக்கம் போய்விடுவாரோ என்ற பயத்தில் மக்கள் திரண்டு, உரோமையர் வேண்டும், இல்லையென்றால் இத்தாலியராவது வேண்டும் என்று வாசலில் கூச்சலிட்டார்கள். உள்ளே, அடுத்த போப்பைத் தேர்ந்தெடுக்கக் கூடியிருந்த திருச்சபைத் தலைவர்களான 16 கர்தினால்கள். அவர்களில் 11 பேர் பிரெஞ்சுக்காரர்கள். அவர்கள் தேர்ந்தெடுத்தது பாரி நகரப் பேராயர் பிரிஞ்ஞானோவை. அவர் கர்தினாலும் இல்லை, அந்த அறையிலும் இல்லை. செய்தியை அறிவிப்பதற்குள் கூட்டம் உள்ளே புகுந்துவிட்டது. நடுங்கிப்போன கர்தினால்கள், தங்களில் உரோமையரான முதியவர் தெபல்தெஸ்கிக்குப் போப்பின் உடையைப் போர்த்தி, இவர்தான் என்று காட்டிவிட்டுத் தப்பி ஓடினார்கள். நான் போப் இல்லை என்று அந்த முதியவர் மறுத்துக்கொண்டே இருந்தார்.

பிரிஞ்ஞானோ ஆறாம் உர்பான் ஆனார். கர்தினால்கள் முடிசூட்டு விழாவிலும் கலந்துகொண்டார்கள். பிறகு அவருடைய சுடுசொல்லும் கோபமும் பொறுக்காமல் உரோமையை விட்டு வெளியேறி, மிரட்டலுக்குப் பயந்து அளித்த வாக்கு செல்லாது என்று அறிவித்தார்கள். செப்டம்பர் 20 அன்று ஃபோண்டியில் ஜெனீவாவின் ராபர்ட்டை ஏழாம் கிளமெண்டாகத் தேர்ந்தெடுத்தார்கள். பழைய எதிர்ப்போப்புகள் (உண்மையான போப்புக்கு எதிராகப் பதவிக்கு உரிமை கோரியவர்கள்) பலர் அரசர்கள் திணித்தவர்கள். இங்கே இருவரையும் தேர்ந்தெடுத்தவர்கள் பெரும்பாலும் அதே கர்தினால்கள்! என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

சாதாரண மக்களுக்காக முடிவெடுத்தவர் அவர்களுடைய அரசர். பிரான்சும் ஸ்காட்லாந்தும் கிளமெண்ட் போய் அமர்ந்த அவிஞ்ஞோன் பக்கம். இங்கிலாந்து உர்பானின் உரோமைப் பக்கம். திருப்பலியில் போப்பின் பெயரைச் சொல்லி மன்றாடும் இடத்தில், ஒரு நாட்டில் உர்பான் என்றும் இன்னொரு நாட்டில் கிளமெண்ட் என்றும் குருக்கள் சொன்னார்கள். முழந்தாளிட்டிருந்த விவசாயி வேறு என்ன செய்திருக்க முடியும்?

சியன்னாவின் புனித கத்தரீன் உர்பானுக்காகக் கடிதம் கடிதமாக எழுதினார். புனித வின்சென்ட் பெரரோ அவிஞ்ஞோன் பக்கம் நின்றார். கிளமெண்டுக்குப் பின் வந்த பதின்மூன்றாம் பெனடிக்டுக்குப் பாவமன்னிப்புக் குருவாகவே இருந்தார்.

1409இல் பீசாவில் கூடிய கர்தினால்கள், ஆயர்களின் சங்கம் உரோமை, அவிஞ்ஞோன் வழிகளில் வந்த இரு போப்புகளையும் நீக்கிவிட்டுப் புதிதாக ஒருவரை அமர்த்தியது. இருவரும் விலகாததால் மூவரானார்கள். கான்ஸ்டன்ஸ் நகரில் கூடிய பொதுச்சங்கம்தான் முடிச்சை அவிழ்த்தது. பீசா வழியில் வந்த யோவான் 1415இல் பதவி நீக்கப்பட்டார். உரோமை வழியில் வந்த பன்னிரண்டாம் கிரகோரி தாமாகவே விலகினார். அதற்காக அவரை மதிக்கிறேன். பெனடிக்ட் மட்டும் கடைசிவரை இறங்கி வரவில்லை. 1417 நவம்பர் 11 அன்று ஐந்தாம் மார்ட்டின் தேர்ந்தெடுக்கப்பட்டார். இன்று திருச்சபையின் பட்டியலில் இருப்பது உரோமை வழிதான்.

1416 சனவரி 6, மூன்று ராசாக்கள் திருநாள். பெர்பிஞ்ஞானில் மக்கள் முன் நின்று, இன்றைய ஸ்பெயினில் இருந்த அரகோன் அரசு இனி பெனடிக்டுக்குக் கீழ்ப்படியாது என்ற ஆணையை வாசித்தவர், பல ஆண்டுகள் அவரையே நம்பியிருந்த வின்சென்ட்தான். அந்த நாள் அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன். திருச்சபை 1455இல் அவருக்கும் 1461இல் கத்தரீனுக்கும் புனிதர் பட்டம் அளித்தது.