கூரை ஒழுகினால் வீட்டையே இடிக்க வேண்டுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலூரில் லாங் பஜார் பக்கம் ஒரு சந்தில் எங்கள் பூர்வீக வீடு இருக்கிறது. கொள்ளுத்தாத்தா 1920களில் கட்டியது. 18 அடி அகலம், 72 அடி நீளம். திண்ணை, கூடம், நடுவில் 8க்கு 10 அடி முற்றம், பின்கட்டு, கடைசியில் 12 அடி கொல்லை. இரண்டு பக்கமும் ஒட்டிய வீடுகள், சுவர் பொது. முன்கட்டு மெட்ராஸ் டெரஸ், அதாவது மரக்கட்டைகள் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட தட்டைக் கூரை. பின்கட்டு நாட்டு ஓடு. சில வருடங்களாக மழையில் கூடம் ஒழுகுகிறது. இரண்டு கட்டைகளின் முனையில் கரையான். சுவரில் இடுப்பளவுக்குக் காரை பொரிந்து கொட்டியது. 3 வருடம் முன்பு சிமெண்ட் பூசினோம், அதுவும் நிற்கவில்லை.

பெங்களூரில் இருக்கும் தம்பி இடித்துவிடலாம் என்கிறான். தரைத்தளத்தோடு 3 மாடி கட்டி, ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு அறைகளாக வாடகைக்கு விடலாம், கட்டடத்தில் பாதிக்குப் பாதி என்று ஒரு கட்டுநர் பேசுகிறார். வந்து பார்த்த பொறியாளர் வீடு ‘வீக்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அம்மாவுக்கு மனசே இல்லை. கோட்டை அகழி 250 மீட்டர் தூரம் இருக்கலாம். அதனால் தடை ஏதும் உண்டா? எதை வைத்து முடிவெடுப்பது?

எஸ்., வேலூர்

அன்புள்ள எஸ்.,

‘வீக்’ என்று எழுதிக் கொடுத்தவரிடம் எது வீக், எந்த இடத்தில், எவ்வளவு என்று கேளுங்கள். நீங்கள் சொல்லும் மூன்று குறைகளில் இரண்டு கூரையுடையவை, ஒன்று பூச்சுடையது. இரண்டையும் கழற்றி மாற்றலாம். வீடு நிற்பது சுவரிலும், அஸ்திவாரமான கடைக்காலிலும். அவற்றைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. பொறியாளரின் தாளிலும் இல்லையென்றால், அந்தத் தாளை நம்பிக் கடப்பாரையைக் கையில் எடுக்காதீர்கள்.

கோட்டை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் தவறினால் திரும்ப வழியில்லை. வேலூர்க் கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2010 திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. முதல் 100 மீட்டருக்குள் புதுக் கட்டடத்துக்கு அனுமதி கிடையாது. 1992 ஜூன் 16க்கு முன்பிருந்தே நிற்கும் வீட்டைப் பழுதுபார்க்க மட்டும் அனுமதி கேட்கலாம். அந்த எல்லைக்குள் இருக்கும் வீட்டை இடித்தவருக்கு மிஞ்சுவது காலி மனைதான். நீங்கள் சொல்லும் 250 மீட்டர் சரியாக இருந்தால் இரண்டாவது பகுதியில் வருகிறீர்கள். அங்கே புதிதாகக் கட்டவும், இடித்துக் கட்டவும், பழுதுபார்க்கவும்கூட முன் அனுமதி வேண்டும். உயரத்துக்கும் வரம்பு விதிப்பார்கள். விண்ணப்பம் 15 நாளில் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்துக்குப் போக வேண்டும், ஆணையம் 2 மாதத்தில் கருத்துச் சொல்ல வேண்டும், அதன்பின் ஒரு மாதத்தில் முடிவு வர வேண்டும் என்பது சட்டம் வைத்த கணக்கு. அனுமதியில்லாமல் கட்டினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. கண்ணளவில் 250 என்று விட்டுவிடாமல், உரிமம் பெற்ற நில அளவரை வைத்து அளந்து தாளில் வாங்குங்கள். அளவைத் தொடங்க வேண்டிய இடம் பாதுகாக்கப்பட்ட எல்லை. கோட்டை மதிலிலிருந்து அளந்தால் கணக்குத் தப்பும்.

அடுத்தது கட்டுநரின் பேச்சு. உங்கள் மனை 1,296 சதுர அடி. 2019ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கட்டட விதிகளில் அதிக உயரமில்லாத கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. அதாவது எல்லாத் தளமும் சேர்ந்து மனையைப் போல் இரண்டு மடங்கு, 2,592 சதுர அடி. பணம் கட்டிக் கூடுதல் வாங்க வழியுண்டு, ஆனால் அதற்குத் தெருவில் அகலம் வேண்டும். சந்தில் அதை எதிர்பார்க்க வேண்டாம். நான்கு தளத்துக்குப் பிரித்தால் தளத்துக்கு 648 சதுர அடி, மனையில் சரிபாதி. கொல்லையை மட்டும் விட்டு மீதி முழுவதும் நான்கு தளம் எழுப்புவதாக அவர் படம் காட்டினால் அது 4,320 சதுர அடி. அதில் 1,728 அனுமதிக்கு வெளியே நிற்கும். பின்னால் நோட்டீஸ் வந்தால் அது உங்கள் பெயருக்கும் வரும்.

பாதிக்குப் பாதியில் உங்கள் பங்கு 1,296 சதுர அடி. அதில் மாடிப்படி, நடை, சுவர் கழிய வேண்டும். இப்போதுள்ள வீடே முற்றமும் கொல்லையும் போக 1,000 சதுர அடி. இந்தச் சிறு கூடுதலுக்காக மனையில் பாதிப் பங்கை எழுதிக் கொடுக்கப் போகிறீர்கள். உங்கள் தம்பி இந்தக் கணக்கைப் பார்த்திருக்கிறாரா?

வெளிச்சத்தையும் யோசியுங்கள். இரண்டு பக்கமும் அடைத்த 18 அடி மனையில் ஜன்னல் வைக்க முன்னும் பின்னும்தான் இடம். நடு அறைகளுக்குக் காற்றும் வெளிச்சமும் கொடுப்பது அந்த 8க்கு 10 முற்றம் ஒன்றே. அதை மூடி நான்கு தளம் எழுப்பினால் நடு அறைகள் குழாய்கள் இறங்கும் 3 அடி இடுக்கைப் பார்த்து நிற்கும். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் எப்படிக் காயும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிகிச்சைக்காக வெளிமாநிலத்திலிருந்து வந்து வாரக்கணக்கில் தங்கும் நோயாளியை அப்படி ஓர் அறையில் படுக்க வைப்பது சரியில்லை என்றே நினைக்கிறேன். அண்டை வீட்டு முற்றங்களும் உங்கள் சுவரின் நிழலில் இருண்டுவிடும்.

இனி வீடு. தூக்குக்குண்டு விட்டுச் சுவரைப் பாருங்கள். 18 அங்குலச் சுவர் 10 அடி உயரத்தில் 1 அங்குலம் சாய்ந்திருந்தால் பயமில்லை. 3 அங்குலத்தைத் தாண்டினால் பழைய கட்டடம் தெரிந்த பொறியாளர் உடனே வர வேண்டும். விரிசலில் 5 மி.மீ. வரை பழுதுபார்ப்பு வேலை, 15 மி.மீ.க்கு மேல் போனால் கடைக்கால் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அகலத்தைவிட முக்கியம் விரிசல் இன்னும் வளர்கிறதா என்பது. குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து ஒட்டித் தேதி எழுதுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்து கண்ணாடி உடையாமல் இருந்தால் அது என்றோ வந்து நின்றுபோன விரிசல்.

முழங்கால் உயரத்தில், மார்பு உயரத்தில், கட்டைக்குச் சற்றுக் கீழே என மூன்று இடத்தில் ஒரு சதுர அடிப் பூச்சை எடுத்துவிட்டு, செங்கல் இடுக்கைச் சாவியால் சுரண்டுங்கள். சுண்ணாம்புக் கலவை என்றால் எதிர்த்து நிற்கும், வினிகர் விட்டால் நுரைக்கும். மண் கலவை என்றால் உதிரும். மண்ணில் கட்டிய சுவர் என்பது குறையே இல்லை, காய்ந்திருக்கும் வரை. நனைந்தால்தான் ஆபத்து. உங்கள் சிமெண்ட் பூச்சு அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புக் காரை வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. ஈரம் இன்னும் மேலே ஏறி, பூச்சுக்குப் பின்னால் உப்பாக உறைந்து, செங்கல்லின் முகத்தையே பொடியாக்கும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். முற்றத்துத் தூம்பு அடைத்திருக்கலாம், குளியலறைக் குழாய் சுவருக்குள் கசியலாம், தெருவைத் திரும்பத் திரும்ப உயர்த்திப் போட்டதில் வாசல் தாழ்ந்திருக்கலாம். அதைச் சரிசெய்த பிறகு, ஈரக்கோட்டுக்கு 1 அடி மேல் வரை சிமெண்டைக் கொத்தி எடுத்து, இடுக்குகளை முக்கால் அங்குலம் சுரண்டி, ஒரு கோடை முழுக்கக் காய விடுங்கள். பிறகு குறைந்தது இரண்டு வாரம் ஊறிய சுண்ணாம்பு 1 பங்கு, மணல் 3 பங்கு, இரண்டு கையாக, அதாவது இரண்டு அடுக்காகப் பூச வேண்டும். மேலே வெள்ளை மட்டும் அடியுங்கள். பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் பழைய கதைதான். வாசல் தாழ்ந்துபோனதற்காக ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கலாம் என்று யாராவது வந்தால் அனுப்பிவிடுங்கள். மண் கலவைச் சுவர் அதைத் தாங்காது, பொதுச்சுவரைத் தூக்கவும் முடியாது. பழைய வீட்டில் கூரை 11, 12 அடி உயரத்தில் இருக்கும். உள்தரையை 1 அடி உயர்த்தினாலும் இடம் தாராளம். கதவு நிலைகளை மட்டும் ஏற்றிவைக்க வேண்டும்.

கூரையில் எல்லாரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஒழுகுகிறது என்று மேலே 4 அங்குலம் கான்கிரீட் போட்டுவிடுவார்கள். மெட்ராஸ் டெரஸின் சொந்த எடையே சதுர அடிக்கு ஏறக்குறைய 30 கிலோ. 10க்கு 12 அறையில் அது 3,600 கிலோ. புது கான்கிரீட் இன்னும் 2,800 கிலோ ஏற்றும். கட்டை முனைகள் ஏற்கெனவே மக்கியிருக்கும்போது இது கூரையைக் கீழே கொண்டுவரும் வேலை. உங்கள் மாடியில் இப்படிப் பழைய அடுக்குகள் ஏறியிருக்கின்றனவா என்று கைப்பிடிச் சுவர் ஓரமாகத் தோண்டிப் பாருங்கள்.

கட்டை கெடுவது பெரும்பாலும் சுவருக்குள் நுழையும் முனையில்தான். மெல்லிய உளியால் ஒவ்வொரு முனையையும் குத்துங்கள். அரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அந்த முனை போய்விட்டது. கொட்டாப்புளியால் (மரச் சுத்தியல்) கட்டையின் நீளம் முழுக்கத் தட்டிக்கொண்டே போனால், கூடு விழுந்த இடம் சத்தத்தில் தெரியும். கெட்டது 1 அடிக்குள் என்றால் முட்டுக் கொடுத்து, முனையை அறுத்து, இரண்டு பக்கமும் 4 அங்குல இரும்புச் சேனல் வைத்து, நல்ல மரத்தின் மேல் இரண்டரை அடி ஏறும்படி 12 மி.மீ. போல்ட்டில் முறுக்கலாம். முனை கல்லின் மேல் உட்கார வேண்டும். சுற்றிலும் 1 அங்குலம் காற்று இருக்க வேண்டும். கொத்தனார் அந்த இடைவெளியைச் சிமெண்ட் வைத்து அடைக்க வருவார், விடாதீர்கள். நீங்கள் எழுதியபடி இரண்டு கட்டைதான் என்றால் இதுவே போதும். ஓர் அறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கெட்டிருந்தால் அந்த அறைக் கூரையை மட்டும் பிரித்து மறுபடி போடுங்கள்.

அப்படிப் பிரித்தால் 10க்கு 12 அறைக்கு டெரஸ் செங்கல் சுமார் 1,900 வேண்டும். 6 அங்குலம் நீளம், 3 அகலம், 1 கனம். சதுர அடிக்கு 16 பிடிக்கும். பழைய கல்லையே சுத்தம் செய்து வைத்துக்கொள்ளுங்கள், இந்த அளவில் புதிது கிடைப்பது அரிது. அதன் மேல் 3 அங்குலம் சுண்ணாம்புச் சல்லி (உடைத்த செங்கல்லும் சுண்ணாம்பும் கலந்தது), 30 கன அடி. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து ஒரு வாரம் அடிக்க வேண்டும். கொட்டாப்புளி துள்ளித் திரும்பினால்தான் தளம் இறுகியது என்று அர்த்தம். இரண்டாம் நாளே ‘போதும்’ என்கிற மேஸ்திரிக்கு இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம். தண்ணீர் ஓட்டம் 10 அடிக்கு 3 அங்குலம். கடைசியில் இணைப்பு மேல் இணைப்பு வராமல் இரண்டு வரிசை தட்டோடு. தை முதல் பங்குனி வரை நல்ல காலம். சித்திரை வெயிலில் சுண்ணாம்பு வேகமாகக் காய்ந்து வெடிக்கும்.

இவ்வளவும் சொன்னாலும், எந்தப் பழைய வீட்டையும் தொடவே கூடாது என்பது என் கட்சி இல்லை. சுவர் வெளியே பிதுங்கி, கடைக்கால் இறங்கிக்கொண்டே இருந்தால் இடித்துத்தான் ஆக வேண்டும். உங்கள் விஷயத்தில் எனக்குத் தோன்றுவது இது: திண்ணை, கூடம், முற்றம் அப்படியே இருக்கட்டும், நாட்டு ஓடு போட்ட பின்கட்டை மட்டும் எடுத்துவிட்டுத் தனித் தூண்களில் இரண்டு தளம் எழுப்புங்கள். பழைய சுவர்மேல் எதையும் ஏற்றாதீர்கள். தம்பிக்கு வாடகை வரும், அம்மா தன் கூடத்திலேயே இருக்கலாம், தெருவின் திண்ணை வரிசையும் உடையாது. பழைய வீடு என்பதாலேயே சட்டம் தானாக அதைக் காக்க வராது. கோட்டையைச் சுற்றியுள்ள தெருக்கள் இன்னும் பழைய வேலூராகத் தெரிகிறதென்றால், இடிக்காமல் வைத்திருக்கும் உங்களைப் போன்ற குடும்பங்களால்தான்.

பின்கட்டை இடிக்கும்போது கவனம் முழுக்கப் பொதுச்சுவரில் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக் கட்டைகளும் அதே சுவரில்தான் உட்கார்ந்திருக்கும். வேலைக்கு முன் அவர்கள் வீட்டுச் சுவர்களைத் தேதியோடு படமெடுத்து இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். இயந்திரம் வேண்டாம், மேலிருந்து கையால் பிரிக்கச் சொல்லுங்கள். புதுத் தூண் குழிகள் பழைய கடைக்காலைவிட ஆழமாகப் போகும். சுவரை ஒட்டி வரிசையாகத் தோண்டினால் அடிமண் சரிந்து பக்கத்து வீடு உட்காரும். தூண்களைச் சுவரிலிருந்து 3 அடி உள்ளே தள்ளி வைக்கச் சொல்லுங்கள். தவிர்க்கவே முடியாத இடத்தில் ஒரு நேரத்தில் 4 அடிக்கு மேல் தோண்டாமல், அதை நிரப்பிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

இடிப்பு ஒப்பந்தக்காரர் கூலியே வேண்டாம் என்றால் அவர் கண் மரத்தில் இருக்கிறது. 4க்கு 6 அங்குலக் கட்டை, 11 அடி நீளத்தில் ஏழு இருந்தால் அதுவே 13 கன அடி. தேக்கா, வேறு மரமா என்று ஓர் ஆசாரியைக் கூப்பிட்டுப் பார்த்து, நிலை, கதவு, தூண் எல்லாவற்றையும் அளந்து எழுதிவைத்த பிறகு விலை பேசுங்கள். பின்கட்டு மரத்தில் நல்லதைக் கூடத்துக்கே வைத்துக்கொள்ளலாம்.

நில அளவு, தூக்குக்குண்டு அளவு, கட்டை முனைகளை உளியால் குத்திப் பார்த்த ஆழம் ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு எழுதுங்கள். கட்டுநரிடம் எதிலும் கையெழுத்துப் போடுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.