மேலகிரிக் காட்டுச் சாலையில் சைக்கிள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல் வரை, முடிந்தவரை காட்டு மண்பாதையிலேயே சைக்கிளில் போக ஆசை. மூன்று பேர். எப்படித் திட்டமிடுவது?
- ஓசூர் வாசகர்

பதில்: ‘காட்டு மண்பாதை’யை முதலில் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அந்தப் பக்கத்துக் காட்டில் பெரும்பகுதி 2014-ல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் உள்ளே போகக்கூடாது. மேப்பில் கோடு தெரிவது அனுமதி ஆகாது. ஓசூர் வனக்கோட்ட அலுவலகத்தில் எழுதிக் கேட்கலாம். கிடைக்காது என்றே வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள். மண் வேண்டுமென்றால் முதல் நாள் தளி, தேன்கனிக்கோட்டை சுற்றுவட்ட ஊர்களுக்கு நடுவே ராகிக் கொல்லை ஓரமாகப் போகும் வண்டிப்பாதைகளில் ஆசை தீர ஓட்டுங்கள்.

மறுநாள் தார்ச்சாலை, சுமார் 65 கி.மீ. மொத்தத்தில் இறக்கம்தான் என்றாலும் நடுவில் ஏற்றங்கள் உண்டு. மணிக்கு 12 கி.மீ. என்று கணக்குப் போட்டால், நிறுத்தங்களோடு ஏழு மணி நேரம். காலை 7 மணிக்குக் கிளம்பினால் பிற்பகல் 2-க்குள் சேர்ந்துவிடலாம். அதற்கு முன்னால் கிளம்ப வேண்டாம். விடியலிலும் அந்தியிலும் யானை நடமாட்டம் அதிகம். ராகி முற்றும் நவம்பர் முதல் ஜனவரி வரை கர்நாடகக் காடுகளிலிருந்து கூட்டம் கூட்டமாக வரும். சைக்கிளுக்குச் சத்தம் கிடையாது, நீங்கள் நெருங்குவது யானைக்குத் தெரியாது. பெரிய ஆபத்தே அதுதான். வளைவுக்கு முன் மணியடியுங்கள், சத்தமாகப் பேசிக்கொண்டே போங்கள். ஈரம் காயாத யானைச் சாணத்தைப் பார்த்தால் நின்றுவிடுங்கள். பஸ்ஸோ லாரியோ வரட்டும், அதன் பின்னால் போகலாம்.

தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர். அஞ்செட்டியில் மறுபடி நிரப்பிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது பழைய 21 கியர் சைக்கிள். இந்தப் பயணத்துக்குப் போதுமா?
- பாலக்கோடு வாசகர்

பதில்: தாராளமாக. முன்னால் சின்னப் பல்சக்கரத்தில் 24 பல், பின்னால் பெரியதில் 28 பல் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். இருந்தால், பெடல் ஒரு சுற்று சுற்ற, பின்சக்கரம் ஒரு சுற்றுகூடச் சுற்றாது; மலையேற அது போதும். புது வண்டிக்கு வைத்திருக்கும் பணத்தில் பிரேக் கட்டைகளை மாற்றுங்கள். கட்டைகள் ரிம்மைக் கவ்வும் ரிம் பிரேக்கை இறக்கத்தில் விடாமல் பிடித்தால் ரிம் கொதித்து டியூப் வெடிக்கக்கூடும். விட்டுவிட்டுப் பிடியுங்கள், நீண்ட இறக்கத்தில் பாதியில் நிறுத்தி ஆறவிடுங்கள்.

கேள்வி: பஞ்சர் ஒட்டிய கொஞ்ச நேரத்திலேயே மறுபடி காற்று இறங்குகிறது. ஏன்?
- பென்னாகரம் வாசகர்

பதில்: டியூபைப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துளை என்றால் காற்று குறைவு. கல்லில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் நசுங்கியிருக்கிறது. ஒரே துளை என்றால் முள், அதுவும் அநேகமாகக் கருவேல முள். நுனி ஒடிந்து டயருக்குள்ளேயே தங்கிவிடும், விரலுக்குத் தட்டுப்படாது. பருத்தித் துணியை டயரின் உட்பக்கம் சுற்றிலும் இழுங்கள். முள் இருக்கும் இடத்தில் நூல் சிக்கும். வெளிப்பக்கமாகக் குறடால் பிடுங்க முடியாவிட்டால், உள்ளிருந்து ஆணியால் தள்ளி எடுங்கள். பிறகு உப்புத்தாளால் டியூபைத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, பளபளப்பு மங்கும்வரை காயவிட்டு ஒட்டுங்கள். ஈரத்தோடு ஒட்டினால் பத்து கிலோமீட்டர்கூடத் தாங்காது.