முதலாளி பங்கு தருகிறேன் என்கிறார். நோட்டரி இல்லாமல் வாங்கலாமா?

கேள்வி: ஸ்டுட்கார்ட் பக்கத்தில் ஒரு சிறு தொழிற்சாலையில் ஒன்பது வருடமாக சிஎன்சி பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். மொத்தம் 32 பேர். முதலாளியின் அப்பா 1958-ல் ஒரே ஒரு லேத்தை வைத்து ஆரம்பித்தாராம். 1983-ல் அதை ஜிஎம்பிஹெச் ஆக்கியிருக்கிறார்கள். இப்போது முதலாளிக்கு 67 வயது. அவரிடம் 60 சதவீதம், மியூனிக்கில் இருக்கும் தங்கையிடம் 40. பிள்ளைகள் இந்தப் பக்கமே வரமாட்டோம் என்கிறார்கள். "இப்போது 20 சதவீதம் வாங்கிக்கொள், ஐந்து வருடத்தில் என் மிச்சமும் உனக்குத்தான்" என்கிறார். இந்தக் கம்பெனியை விட்டால் தனக்கு வேறு சொத்தே கிடையாது என்று அவர் அடிக்கடி சொல்வார். விலை 1,80,000 யூரோ. நம்மவர் ஒருவர், ஆலோசகராக இருப்பவர், "நோட்டரிக்குத் தண்டம் அழ வேண்டாம். இப்போதைக்கு நாமே ஒரு ஒப்பந்தம் எழுதி, 40,000 முன்பணம் கொடுத்துவிடுங்கள். பதிவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். இதோடு முடித்திருப்பேன். ஆனால் அந்த நம்மவர் அடுத்த வாரம் இன்னொருவர் வீட்டில் காபி குடித்துக்கொண்டு இதையேதான் சொல்வார். அதனால் கொஞ்சம் விளக்குகிறேன்.

ஜிஎம்பிஹெச் என்பது நம்மூர் பிரைவேட் லிமிடெட் மாதிரி. அதற்கான சட்டம் ஜெர்மனியில் 1892-லிருந்து இருக்கிறது. பங்கைக் கைமாற்றுவது நோட்டரி முன்னால்தான் நடக்க வேண்டும் என்கிறது அதன் 15-ஆம் பிரிவு. இது பலருக்கும் தெரியும். தெரியாதது என்னவென்றால், "பிற்பாடு விற்கிறேன்" என்று வாக்குக் கொடுப்பதும் நோட்டரி முன்னால் நடந்தால்தான் செல்லும். நீங்கள் மூவரும் சமையலறை மேசையில் கையெழுத்துப் போடும் தாளுக்கு, மளிகைக் கடைச் சீட்டுக்கு இருக்கும் மதிப்புகூட இல்லை. முதலாளி நாளைக்கு மனம் மாறினாலும், அவர் காலமாகிப் பிள்ளைகள் வந்து நின்றாலும், அந்தத் தாளை வைத்து ஒரு பங்குகூடக் கேட்க முடியாது. கொடுத்த 40,000-ஐத் திருப்பிக் கேட்கலாம். கேட்பது வேறு, கிடைப்பது வேறு. முக்கியமான இன்னொன்றை உங்கள் கடிதத்தில் காணோம்: அந்த முன்பணம் யாருடைய கணக்குக்குப் போகிறது? முதலாளிக்கா, கம்பெனிக்கா, ஆலோசகருக்கா? மூன்றாவது என்றால் இதற்குமேல் படிக்கவே வேண்டாம், அவருடைய நம்பரை அழித்துவிடுங்கள்.

நோட்டரி என்றதும் நம்மூர் கோர்ட் வாசலில் மரத்தடி மேசை போட்டு முத்திரை குத்துகிறவரை நினைத்துக்கொள்ளாதீர்கள். இங்கே அவர் சட்டம் படித்த, அரசு நியமித்த ஆள். பத்திரம் முழுவதையும் உங்கள் முன்னால் வாய்விட்டுப் படித்தாக வேண்டும், அது சட்டம். ஒருமுறை எழுபது பக்கப் பத்திரத்தை ஒரு நோட்டரி ரயில் நிலைய அறிவிப்புக் குரலில் படித்துக்கொண்டே போக, வாங்க வந்தவர் என் பக்கத்தில் நன்றாகத் தூங்கிவிட்டார். உங்களுக்குத் தொழிற்சாலை ஜெர்மன் தெரிந்தாலும் பத்திர ஜெர்மன் புரியவில்லை என்றால், அதை நோட்டரியிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். மொழிபெயர்த்துச் சொல்ல ஏற்பாடு செய்வது அவர் கடமை.

இந்த நாட்டு முறையின் மேல் எனக்கும் எரிச்சல் உண்டு. புதிதாக ஒரு ஜிஎம்பிஹெச் தொடங்குவதை 2022 ஆகஸ்டிலிருந்து வீட்டில் உட்கார்ந்தபடியே நோட்டரியோடு வீடியோவில் முடித்துவிடலாம். இருக்கிற கம்பெனியில் பங்கு வாங்க மட்டும் இன்னமும் நேரில் போய் உட்கார வேண்டும். ஏனென்று கேட்டால், கம்பெனிப் பங்கு காய்கறிச் சந்தைக் கத்தரிக்காய் மாதிரி கை மாறக்கூடாது என்ற அதே பழைய காரணத்தைத்தான் சொல்வார்கள். இருந்தாலும் அந்த எரிச்சலுக்கு மருந்து ஆலோசகர் சொல்லும் குறுக்குவழி அல்ல.

இடைத்தரகர்களைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். "எனக்குத் தெரிந்த நோட்டரி, குறைத்து வாங்குவார்" என்று யாராவது சொன்னால் அது பொய். நோட்டரி கட்டணத்துக்குச் சட்டத்திலேயே அட்டவணை இருக்கிறது. ஹாம்பர்க்கிலும் அதுதான், உங்கள் ஊரிலும் அதுதான், பேரம் கிடையாது. "கம்பெனிப் பதிவேட்டு நகல் எடுத்துத் தருகிறேன், 150 யூரோ" என்பது இன்னொரு வியாபாரம். ஹாண்டல்ஸ்ரெகிஸ்டர் என்கிற அந்தப் பதிவேட்டை 2022 ஆகஸ்டிலிருந்து யார் வேண்டுமானாலும் இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். மூன்றாவது வகை, பதிவு ஏதாவது நடந்தவுடனே தபாலில் வருகிறது. கழுகுச் சின்னம் மாதிரி ஏதோ ஒன்றை மேலே போட்டு, "பதிவுக் கட்டணம்" என்று சில நூறு யூரோ கேட்கும். அரசுக் கடிதம் போலவே இருக்கும். கீழே பொடி எழுத்தில் "இது ஒரு விளம்பரப் பட்டியலுக்கான சலுகை" என்றிருக்கும். வாழ்க்கையிலேயே ஒரு ரூபாய் ஏமாறாத கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் இதைக் கட்டிவிட்டு என்னிடம் வந்தார். பணம் வரவில்லை.

இங்கே உரிமம் இல்லாதவர் காசு வாங்கிக்கொண்டு சட்ட ஆலோசனை சொல்வதே குற்றத்துக்குப் பக்கத்தில் போகிற விஷயம். வழக்கறிஞரா, வரி ஆலோசகரா, எந்தச் சபையில் பதிவு என்று நம்மவரிடம் கேட்டுப் பாருங்கள். தொழில் கைமாற்றத்துக்கு ஆரம்ப ஆலோசனை தரத் தொழில் வர்த்தக சபையில், அதுதான் ஐஹெச்கேயில், ஆள் இருக்கிறார்கள். உங்கள் கம்பெனி அதற்குக் கட்டாயமாகச் சந்தா கட்டிக்கொண்டுதான் இருக்கும். அதையாவது பயன்படுத்துங்கள்.

இனி குடும்பத்துக்கு வருவோம். கணக்குப் புத்தகத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியது அதைத்தான்.

பதிவேட்டில் கம்பெனி பெயரைப் போட்டால் பங்குதாரர் பட்டியல் வரும். அந்தப் பட்டியலில் இருப்பவர்தான் கம்பெனியின் கண்ணில் பங்குதாரர். நீங்கள் வாங்கிய பிறகு நோட்டரி புதுப் பட்டியல் அனுப்புவார். அது ஏறும்வரை உங்களுக்குக் கூட்டத்துக்கு அழைப்பும் கிடையாது, ஓட்டும் கிடையாது. அங்கேயே கம்பெனியின் அடிப்படை ஒப்பந்தமும், அதாவது கெசெல்ஷாஃப்ட்ஸ்ஃபெர்ட்ராக்கும் இருக்கும். இரண்டையும் இன்றைக்கே இறக்கிக்கொள்ளுங்கள். மூலதனம் இன்னும் யூரோவுக்கு முந்தைய பணத்தில், 50,000 மார்க் என்று இருந்தால் பதற வேண்டாம். மூலதனத்தில் கை வைக்காத பழைய கம்பெனிகள் மார்க்கிலேயே இருக்கச் சட்டம் விட்டிருக்கிறது.

அந்த ஒப்பந்தத்தில் "பங்கை விற்கக் கம்பெனியின் சம்மதம் வேண்டும்" அல்லது "மற்றப் பங்குதாரருக்கு முதல் உரிமை" என்று ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். குடும்பக் கம்பெனிகளில் பெரும்பாலும் இருக்கும். இருந்தால் மியூனிக் தங்கையைக் கேட்காமல் எதுவும் நடக்காது. அவர் சும்மா தலையாட்டுவார் என்று நம்பாதீர்கள். கணக்கைப் பாருங்கள்: நீங்கள் 20 வாங்கியதும் முதலாளி 40, தங்கை 40, நடுவில் நீங்கள் 20. சாதாரணத் தீர்மானத்துக்குப் பாதிக்கு மேல் ஓட்டு இருந்தால் போதும் என்பதால், அண்ணனும் தங்கையும் மோதும் அன்றைக்குத் தராசு முள் உங்கள் கையில். இது அண்ணனுக்கு இன்னும் உறைக்கவில்லை என்று நினைக்கிறேன். தங்கைக்கு உறைக்க ஒரு நிமிடம் போதும். அவர்கள் ஒற்றுமையாக இருந்தால் கதை தலைகீழ்: இருவரும் சேர்ந்தால் 80 சதவீதம், ஒப்பந்தத்தைத் திருத்த வேண்டிய முக்கால் பங்கைத் தாண்டிவிடுவார்கள். அதனால்தான் இந்த ஊரில் 25 என்று கேட்காமல் 25.1 என்று கேட்கிறார்கள். அந்தப் புள்ளி ஒன்று கையில் இருந்தால் தடுக்கலாம். 20-க்கு, கணக்குகளைப் பார்க்கவும் கூட்டம் கூட்டச் சொல்லவும் உரிமை உண்டு. லாபத்தைப் பிரித்துக் கொடுக்கும்படி கட்டாயப்படுத்த முடியாது. ஐந்து வருடம் கழித்து மிச்சமும் வந்து 60 ஆனாலும், தங்கையின் 40 உங்களைத் தடுத்துக்கொண்டே இருக்கும்.

குடும்பங்கள் இந்தப் புள்ளிகளை எவ்வளவு கவனமாகப் பார்க்கின்றன என்பதற்கு வாஷிங் மெஷின் செய்யும் மீலெ கம்பெனி போதும். 1899-ல் கார்ல் மீலெயும் ரைன்ஹார்ட் சிங்கானும் சேர்ந்து பாலாடை பிரிக்கும் இயந்திரம் செய்யத் தொடங்கினார்கள். இன்றைக்கும் மீலெ குடும்பத்திடம் 51.1 சதவீதம், சிங்கான் குடும்பத்திடம் 48.9. நூறு வருடத்துக்கு மேல் அந்தச் சிறு இடைவெளியை வைத்துக்கொண்டே ஓட்டியிருக்கிறார்கள். வேலைக்குப் போன இடத்திலேயே முதலாளி ஆனவர் இல்லையா என்றால், உங்கள் பக்கத்து ஊர் டிட்சிங்கனிலேயே உதாரணம் இருக்கிறது. 1923-ல் தொடங்கிய, தொழிற்சாலை இயந்திரங்கள் செய்யும் ட்ரும்ஃப் கம்பெனியில் பெர்தோல்ட் லைபிங்கர் 1950-ல் தொழில் பழகச் சேர்ந்தார். தன் கண்டுபிடிப்புகளுக்குக் கிடைத்த உரிமத் தொகையைப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு சேர்த்தார். இன்று அது லைபிங்கர் குடும்பக் கம்பெனி. 2005-ல் மகள் தலைமைக்கு வந்தார். ஆக, முதலாளி சொல்வது நடக்காத காரியம் இல்லை.

அடுத்தது கட்டடம். 1,80,000-க்கு 20 சதவீதம் என்றால் முழுக் கம்பெனியும் 9 லட்சம். அதில் அந்த ஷெட்டும் நிலமும் அடங்கியிருக்கிறதா? பல குடும்பங்களில் இயந்திரமும் ஆர்டரும் கம்பெனியுடையது, நிலமும் கட்டடமும் குடும்பத்துடையது. கம்பெனி மாதாமாதம் வாடகை கட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் உள்ளே வந்த பிறகு அந்த வாடகையை யார் நிர்ணயிப்பது? கம்பெனிப் பதிவேட்டில் இது தெரியாது. முதலாளியிடம் வாடகை ஒப்பந்தத்தைக் கேளுங்கள். இழுத்தடித்தால், விலையைப் பற்றிப் பேச இன்னும் நேரம் வரவில்லை.

இப்போது யாருமே கேட்காத, ஆனால் உங்கள் விஷயத்தில் எனக்குத் தூக்கம் கெடுக்கிற ஒன்று: முதலாளியின் மனைவி. கல்யாணத்தின்போதோ பிறகோ தனி ஒப்பந்தம் எழுதாத தம்பதிகளுக்கு ஜெர்மன் குடிமைச் சட்டம் ஒரு கட்டு போட்டிருக்கிறது. கணவன் பேரில் இருப்பது கணவனுடையதுதான், மனைவிக்கு அதில் பங்கில்லை. ஆனால் தன் சொத்து முழுவதையும், அல்லது ஏறக்குறைய முழுவதையும் விற்க மனைவி சம்மதிக்க வேண்டும். 1365-ஆம் பிரிவு. ஏறக்குறைய என்றால்? பெரிய சொத்தாக இருந்தால் விற்றது போக கையில் பத்தில் ஒரு பங்காவது மிஞ்ச வேண்டும் என்று நீதிமன்றங்கள் பார்க்கின்றன. சின்னச் சொத்தென்றால் 15 சதவீதம். இதில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: விற்ற பணம் கைக்கு வருகிறதே, அதுவும் சொத்துதானே என்று வாதாட முடியாது. விலையாக வருவதை அந்தக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். சம்மதம் இல்லாமல் விற்றால், மனைவி பிறகும் ஒப்புக்கொள்ளாவிட்டால், விற்பனை செல்லாது. அவரே நேராகக் கோர்ட்டுக்குப் போகலாம்.

வாங்குகிறவருக்கு "இதுதான் இவருடைய மொத்தச் சொத்து" என்று தெரியாமல் இருந்தால் சட்டம் அவரைக் காப்பாற்றும். உங்களைக் காப்பாற்றாது. வேறு சொத்து கிடையாது என்று அவர் சொல்வதாக நீங்களே எனக்கு எழுதியிருக்கிறீர்கள். இப்போதைய 20 மட்டும் என்றால் அது அவர் பங்கில் மூன்றில் ஒன்று, சிக்கல் இல்லை. ஐந்து வருடத்து மிச்சத்தையும் அதே பத்திரத்தில் எழுதினால் மொத்தமும் வந்துவிடுகிறது. எழுதாமல் விட்டால் அந்த வாக்குறுதி வெறும் காற்று. ஆகவே எழுதத்தான் வேண்டும், கூடவே மனைவியின் சம்மதமும் அதே பத்திரத்தில் வர வேண்டும்.

வரியைப் பற்றி ஒரு வார்த்தை. விலை உண்மை மதிப்பைவிட ரொம்பக் குறைவு என்றால் வரி அலுவலகத்துக்கும் அது தெரியும். அந்த வித்தியாசத்தை உங்கள் சம்பளமாகவோ பரிசாகவோ பார்ப்பார்கள். பரிசென்றால் சொந்தப் பிள்ளைக்கு 4 லட்சம் யூரோ வரை வரியில்லை, உங்களுக்கு 20,000 வரைதான். அதற்குமேல் 30 சதவீதத்தில் ஆரம்பம். ஒன்பது வருடம் இயந்திரத்தோடு நின்றவனுக்கு 20,000, எட்டிப் பார்க்காத பிள்ளைக்கு 4 லட்சம்! தொழிலைத் தொடர்ந்து நடத்துகிறவருக்கான தனிச் சலுகையை வரி ஆலோசகரை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், கையெழுத்துக்கு முன்னால்.

பணத்தையும் பங்கையும் ஒன்றாகக் கட்டிவிடச் சொல்லுங்கள். விலை முழுதாகச் சேர்ந்த நொடியில் பங்கு உங்கள் பெயருக்கு மாறும் என்று நோட்டரி எழுதுவார், முன்பணம் என்ற பேச்சே தேவைப்படாது. முதலாளி நிஜமாகவே தர நினைக்கிறவராக இருந்தால் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளமாட்டார். தேதி குறித்ததும் தங்கைக்கும் சொல்லிவிடுங்கள். மனைவியையும் அழைத்துவரச் சொல்லுங்கள். எழுபது பக்கம் படிக்கும்போது விழித்திருக்க ஒரு ஆளாவது வேண்டும்.