வேர்டு டேபிளில் எண்ணை மாற்றினாலும் மொத்தம் மாறவில்லை. ஃபார்முலாவை நம்பலாமா?

கேள்வியைப் படித்ததுமே புரிந்துவிட்டது. எங்கேயோ ஒரு கணக்கை அடித்துக் கொடுத்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். பரவாயில்லை, நானும் வாங்கியவன்தான். என் கதை உங்களுடையதைவிட மோசமாக இருக்கும்.

உங்களுக்கு வேண்டிய பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். எக்செலில் எண்ணை மாற்றிய கையோடு மொத்தமும் மாறும். வேர்டில் மாறாது. அங்கே ஃபார்முலா என்பது ஒரு ஃபீல்டு. புத்தகத்துக்குப் பொருளடக்கம் போடுகிறோமே, அந்த வகையறா. ஒரு தடவை கணக்குப் போட்டு விடையை எழுதிவிட்டுப் படுத்துக்கொள்ளும். தட்டி எழுப்பினால்தான் எழும்பும். மொத்தம் இருக்கும் கட்டத்தில் கர்சரை வைத்து எஃப்9 அழுத்துங்கள். லேப்டாப் என்றால் சிலவற்றில் எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். பத்து இடத்தில் ஃபார்முலா இருந்தால் கண்ட்ரோல் ஏ கொடுத்து மொத்தமாகத் தேர்ந்தெடுத்துவிட்டு எஃப்9. ஆப்ஷன்ஸில் டிஸ்ப்ளே பகுதிக்குள் போனால், பிரிண்ட் எடுக்கும் முன் ஃபீல்டுகளைப் புதுப்பிக்கச் சொல்லும் ஒரு டிக் பெட்டி இருக்கிறது. அதைப் போட்டு வைத்துவிடுங்கள்.

உங்கள் பிரச்சினை இதோடு தீர்ந்தது. ஆனால் "நம்பலாமா" என்று கேட்டீர்கள் பாருங்கள், அதற்குத்தான் இத்தனை நீளம் எழுதுகிறேன்.

திருநெல்வேலிப் பக்கம் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, நினைவஞ்சலி, மனு என்று எல்லாமும் அடிப்போம். 2019ல் பக்கத்து ஊர் அம்மன் கோயில் கொடை (எங்கள் பக்கம் திருவிழாவை அப்படித்தான் சொல்வோம்) முடிந்ததும் வரவு செலவு நோட்டீஸ் அடிக்க அந்த ஊர்ப் பொருளாளர் வந்தார். வரிசை எண், செலவு விவரம், 2018, 2019 என்று நான்கு பத்தி. போன வருஷத்துக் கணக்கைப் பழைய நோட்டீஸைப் பார்த்து மொத்தத்தோடு அப்படியே அடித்துவிட்டேன். இந்த வருஷத்துக்கு மட்டும், கால்குலேட்டரைத் தேடச் சோம்பல்பட்டு, டேபிளுக்கான லேஅவுட்டில் ஓரத்தில் இருக்கும் ஃபார்முலா பொத்தானை அமுக்கினேன். அது தானாகவே 'சம் அபவ்' என்று காட்டியது. மேலே உள்ளதைக் கூட்டு என்று அர்த்தம். ஓகே கொடுத்தேன்.

பந்தலும் சீரியல் செட்டும் 34,500. வில்லிசை 18,000. நையாண்டி மேளம் 21,500. பூ, மாலை 9,850. அன்னதானம் 46,200. நோட்டீஸ் 2,400, அது நம்ம பில். இதரச் செலவு 3,100. அடியில் மொத்தம் 1,37,569 என்று வந்தது. வரவு 1,52,000. கழித்து, மிச்சம் 14,431 என்று நானே கையால் அடித்தேன். பொருளாளர் புரூஃப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். பார்த்தார் என்றால், அம்மன் படம் நேராக இருக்கிறதா, தன் பெயரில் எழுத்துப்பிழை உண்டா என்று பார்த்தார். எல்லாரும் அதைத்தான் பார்க்கிறார்கள்.

நோட்டீஸ் ஊருக்குள் போன மறுநாள் சாயங்காலம் ஏழெட்டுப் பேர் கடைக்கு வந்துவிட்டார்கள். பொருளாளர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. கூட வந்தவர் அந்த ஊர்ப் பலசரக்குக் கடை அண்ணாச்சி. நாற்பது வருஷமாகச் சிட்டையில் கூட்டிப் பழகிய மனுஷன்.

"தம்பி, ஒவ்வொரு செலவும் அம்பதுலயும் நூறுலயும்தான முடியுது. மொத்தம் மட்டும் எப்படிப்பா அறுபத்தொம்பதுல முடியும்?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. "கம்ப்யூட்டர் கூட்டுனது அண்ணாச்சி, தப்பாது" என்றேன். இன்றைக்கும் அந்த வாக்கியத்தை நினைத்தால் கூசுகிறது.

அவர் பதில் பேசவில்லை. நோட்டீஸைத் திருப்பிப்போட்டுப் பின்பக்கத்தில் கூட்டினார். 1,35,550. அதைக் கழித்து ஓரத்தில் 2019 என்று எழுதினார்.

"சரி, வருஷத்தை எதுக்கு எழுதுறீங்க?" என்று கேட்டேன்.

"இது வருஷம் இல்ல தம்பி. வித்தியாசம்."

அப்போதுதான் விளங்கியது. மேலே உள்ளதையெல்லாம் கூட்டு என்றால் அந்தச் சனியன் தலைப்பில் இருந்த 2019ஐயும் ரூபாய் என்று நினைத்துக் கூட்டிவிட்டது. வேர்டுக்கு எது தலைப்பு, எது செலவு என்று தெரியாது. எண்ணாக இருந்தால் எடுத்துக்கொள்ளும்.

பாவம், அந்தப் பொருளாளர் கையில் 16,450 ரூபாய் பைசா குறையாமல் இருந்திருக்கிறது. ஆனால் "கையில இருக்குன்னா நோட்டீஸ்ல ஏன் குறைச்சுப் போட்ட?" என்று ஊர் கேட்டால் என்ன பதில் சொல்வார்? கணக்கு சரியாக வைத்திருந்தவர்தான் திருடன் ஆனார். நான் கம்ப்யூட்டர் தெரிந்தவன், அதனால் என்னை யாரும் திருடன் என்று சொல்லவில்லை.

உடனே சிலர் வருவார்கள்: "எக்செல் தெரியாதவன் எதற்குக் கடை வைத்தான்?" ஐயா, எக்செல் தெரியும். அம்மன் படம், அலங்கார பார்டர், இரண்டு பத்தியில் நன்கொடையாளர் பெயர் என்று இருக்கிற நோட்டீஸை எக்செலில் செய்து காட்டுங்கள், உங்களிடமே வேலைக்குச் சேர்கிறேன். எக்செலில் கூட்டி இங்கே ஒட்டலாமே என்றால், ஒட்டலாம்தான். பெரிய கணக்கென்றால் இப்போது அப்படித்தான் செய்கிறேன். ஏழு வரிக் கூட்டலுக்கு அது தேவையா என்பது உங்கள் விருப்பம்.

வேர்டிலேயே கூட்டுவதாக இருந்தால் 'சம் அபவ்' வேண்டாம். எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டம் வரை என்று எழுதிவிடுங்கள். எக்செல் மாதிரியே பத்திக்கு எழுத்து, வரிசைக்கு எண். என் கணக்குக்குச் சம் என்று போட்டு அடைப்புக்குறிக்குள் டி2:டி8 என்று எழுதியிருந்தால் தலைப்பு உள்ளேயே வந்திருக்காது. (நிஜத்தில் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும், முன்னால் சமக்குறியோடு.) ஆனால் நடுவில் ஒரு வரிசை சேர்த்தால் வேர்டு அந்த டி8ஐ டி9 ஆக்காது, நீங்கள்தான் மாற்ற வேண்டும். ஆல்ட் எஃப்9 அழுத்தினால் விடைக்குப் பதில் ஃபார்முலாவே தெரியும், சரிபார்த்துவிட்டுத் திரும்ப அதையே அழுத்தலாம். 'சம் அபவ்'தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், காலிக் கட்டம் எதையும் விடாதீர்கள், பூஜ்யம் போடுங்கள். காலிக் கட்டம் வந்ததும் அதற்கு மேலே போகாமல் நின்றுவிடும். லிப்ரே ஆஃபீஸ் ரைட்டர் இந்த விஷயத்தில் தேவலை. கட்டத்தில் சமக்குறி அடித்தாலே ஃபார்முலா பட்டை திறக்கும், எண்ணை மாற்றினால் மொத்தமும் கூடவே மாறும்.

இதை எழுதும்போதே ஒருவர் வாட்ஸாப்பில் நாலு தாளைக் குறுக்கே, விரல் நிழல் விழப் படம் பிடித்து அனுப்பி, "அரை மணி நேரத்துல வேணும்" என்கிறார். எழுத்து புரியவில்லை என்றால் ஐந்து நிமிஷ வாய்ஸ் நோட் வரும், பின்னணியில் பஸ் ஹாரனோடு. திருத்தம் ஏழு தடவை, காசு ஒரு தடவைக்கு. பிழை இருந்தால் மட்டும் "டிடிபிக்காரன் பண்ணுன வேலை".

நோட்டீஸை என் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தேன். புதிய நோட்டீஸிலும் நோட்டீஸ் செலவு 2,400 என்றே இருந்தது. அடுத்த வருஷம் கொரோனாவில் கொடையே நடக்கவில்லை. அதற்கப்புறம் அந்த ஊர்க் கணக்கு வந்தபோது பொருளாளர் வேறு ஆள். அண்ணாச்சியும் கூடவே வந்து, என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் தலைப்பில் 'சென்ற ஆண்டு', 'நடப்பு ஆண்டு' என்று எழுத்தால் அடித்தேன்.