முன் சக்கரத்தில் சத்தம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எட்டு ஆண்டு பழைய ஹேட்ச்பேக் கார். 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் முன்பக்கத்திலிருந்து ஓர் இரைச்சல் எழுந்து, வேகத்தோடு கூடிக்கொண்டே போகிறது. மெக்கானிக் டயர் என்கிறார். டயர் கடைக்காரர் பேரிங் என்கிறார். யாரை நம்புவது? (விழுப்புரம்)

பதில்: இருவருமே வண்டியை ஓட்டிப் பார்க்காமல் சொல்லியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. தேய்ந்த பேரிங்கும் (சக்கரம் எளிதாகச் சுழல உதவும், குண்டுகள் அடங்கிய வளையம்) சீரற்றுத் தேய்ந்த டயரும் ஏறக்குறைய ஒரே மாதிரி இரையும் என்பதால், நிற்கும் வண்டியை மேலோட்டமாகப் பார்த்து எவராலும் உறுதியாகக் கூற இயலாது. நெரிசல் இல்லாத நேரான சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்கையில் சில நொடிகள் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். இரைச்சல் அப்படியே தொடர்ந்தால் எஞ்சினை விட்டுவிடலாம். அடுத்து, நீண்ட வளைவுகளில் காது கொடுத்துக் கேளுங்கள். வண்டி இடப்புறம் திரும்பும்போது எடை வலப்பக்கச் சக்கரத்தின் மீது சாய்கிறது. அப்போது இரைச்சல் கூடி, வலப்புறம் திரும்பும்போது தணிந்தால், பெரும்பாலும் வலப்பக்க வீல் பேரிங்தான் காரணம். வளைவில் எந்த மாற்றமும் இல்லாமல், தார்ச் சாலையிலிருந்து சிமென்ட் சாலைக்கு ஏறியதும் சத்தத்தின் தன்மை மாறினால் டயரைச் சந்தேகிக்க வேண்டும். முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றிப் போட்டால், சத்தமும் பின்னால் போகிறதா என்பது தெரிந்துவிடும்.

பேரிங் என்று பட்டால், வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்திய பிறகு, ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றி மறு கையைச் சஸ்பென்ஷன் சுருள்வில்லின் மீது வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கெட்டுப்போன பேரிங்கின் நறநறப்பு காதுக்கு எட்டாவிட்டாலும் விரல்களுக்கு எட்டும். மாற்றும் வேலையை ஹைட்ராலிக் பிரஸ் (சீராக அழுத்திப் பொருத்தும் இயந்திரம்) உள்ள பட்டறையிலேயே கொடுங்கள். சுத்தியலால் அடித்து இறக்கினால், அடி உள்ளிருக்கும் குண்டுகளின் வழியே இறங்கி அவை ஓடும் தடத்தில் பள்ளம் பதிக்கும். புதிய பேரிங் விரைவிலேயே மீண்டும் இரையத் தொடங்கும். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டிகள் பலவற்றில் பேரிங்கின் ஒரு பக்கச் சீலில் காந்த வளையம் இருக்கும் என்பதால், அதைத் திருப்பிப் பொருத்தினால் டேஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு எரியும்.

கேள்வி: யூ-டர்ன் அடிக்கும்போது மட்டும் ‘டக் டக்’ என்று கேட்கிறது. நேராகச் சென்றால் சத்தமே இல்லை. (ஓசூர்)

பதில்: எஞ்சினின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் தண்டான டிரைவ் ஷாஃப்டின் வெளிமுனையில் உள்ள மூட்டு, அதாவது சிவி ஜாயின்ட், தேய்ந்திருப்பதன் அடையாளம் இது. ஸ்டீரிங்கை முழுவதும் ஒடித்து, சக்கரத்தின் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். ஜாயின்டை மூடியிருக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் உறை கிழிந்து, ரிம்மின் உட்புறத்தில் கறுத்த கிரீஸ் சிதறியிருக்கும். கிழிசலைத் தொடக்கத்திலேயே கண்டிருந்தால் உறையையும் கிரீஸையும் மாற்றியதோடு செலவு முடிந்திருக்கும். மணலும் மழைநீரும் உள்ளே புகுந்து சத்தம் வந்துவிட்ட பின் புதிய கிரீஸ் அடைப்பதால் பயனில்லை, ஜாயின்டையே மாற்ற வேண்டும்.

கேள்வி: பஞ்சராகி ஸ்டெப்னி மாட்டிய மறுநாளிலிருந்து மெதுவாகச் செல்லும்போது ‘டொக் டொக்’ என்கிறது. (காரைக்குடி)

பதில்: மேற்கொண்டு படிப்பதற்கு முன் வீல் நட்டுகளைச் சரிபாருங்கள். அவை தளர்ந்திருந்தால் சக்கரமே கழன்று விழும் அபாயம் உண்டு. எதிரெதிரே உள்ள நட்டுகளை மாறி மாறி இறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் ஒருமுறை இறுக்க வேண்டும்.

கேள்வி: வேகத்தடையில் ஏறி இறங்கும்போது இடது முன்பக்கம் ‘கடக்’ என்கிறது. ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றச் சொல்கிறார்கள். (திருநெல்வேலி)

பதில்: எண்ணெய்க் கசிவோ, மேடு பள்ளத்தில் வண்டி நெடுநேரம் ஆடும் போக்கோ இல்லாத நிலையில், ஷாக் அப்சார்பரிலிருந்து தொடங்குவது வீண் செலவாகவே முடியக்கூடும். முதலில் பார்க்க வேண்டியது ஸ்டெபிலைசர் லிங்க் ராட், அதாவது வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் சிறு தண்டு. விலை குறைந்த உறுப்பாயினும், நம் ஊர் வேகத்தடைகள் அதைச் சீக்கிரம் தளரச் செய்கின்றன. அடுத்து லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க்கையின் ரப்பர் பகுதி), அதன்பின் பால் ஜாயின்ட் (அந்தக் கையைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் குண்டு மூட்டு). பால் ஜாயின்டில் ஆட்டம் இருந்தால் மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். அது கழன்றால் சக்கரம் ஒரு பக்கமாக மடங்கிவிடும். நின்ற இடத்திலேயே ஸ்டீரிங்கைத் திருப்பும்போதும் சத்தம் வந்தால் ஸ்ட்ரட் மவுன்டையும் (ஷாக் அப்சார்பரின் மேல்முனையை வண்டியோடு இணைக்கும் தாங்கி) பரிசோதிக்கச் சொல்லுங்கள். லோயர் ஆர்மைக் கழற்றி மாட்டினால் வீல் அலைன்மென்டையும் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) சரிபார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஜல்லிச் சாலையில் சென்று வந்ததிலிருந்து இரும்போடு இரும்பு உரசுவதுபோல் ‘கிறீச்’ என்று இடைவிடாமல் கத்துகிறது. (தருமபுரி)

பதில்: பிரேக் டிஸ்குக்கும் அதன் பின்னுள்ள மெல்லிய தகட்டுக்கும் இடையே கல் சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். பாதுகாப்பான இடத்தில் சற்றுத் தூரம் பின்னோக்கி ஓட்டினால் சில நேரம் அதுவாகவே விழுந்துவிடும். விழாவிட்டால் சக்கரத்தைக் கழற்றி, தகட்டைச் சிறிது வளைத்து எடுக்கலாம். கல் எதுவும் அகப்படவில்லை என்றால் பிரேக் பேடின் கனத்தைப் பாருங்கள். உராயும் பகுதி ஏறத்தாழ 3 மில்லிமீட்டருக்குத் தேய்ந்ததும் டிஸ்கில் உரசி எச்சரிக்கும்படி பல பேடுகளில் ஒரு சிறு இரும்புத் தகடு உண்டு. பேடை மாற்றும்போது இரு முன் சக்கரங்களிலும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கையில் வண்டி ஒரு புறமாக இழுக்கக்கூடும்.