முடிவு தெரிந்த பிறகு சொன்னால் போதாதா?

ஐயா,

எனக்கு 34 வயது. நான்கு வயதில் ஒரு மகள். ஆறேழு மாதமாக வலது கையில் பிடி குறைந்துகொண்டே வருகிறது. அவளுக்கு யூனிஃபார்ம் பட்டன் போட்டுவிடவே திணறுகிறேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை குழிந்துவிட்டது. ‘மோட்டார் நியூரான் நோயாகவும் (தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் அழிந்துகொண்டே போகும் நோய்) இருக்கலாம், பார்ப்போம்’ என்று சொல்லி நியூராலஜிஸ்ட் இ.எம்.ஜி. (தசையில் ஊசி குத்தி அதன் மின் இயக்கத்தைப் பார்க்கும் சோதனை), எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்திருக்கிறார். ராத்திரியெல்லாம் போனில் அதையேதான் படிக்கிறேன். மனைவியிடம் கழுத்துப் பிடிப்பு என்று சொல்லி வைத்திருக்கிறேன். முடிவு தெரிந்த பிறகு சொன்னால் போதும்தானே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

போதாது. இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

முடிவு ஒரே நாளில் கைக்கு வந்துவிடும் என்று நினைக்கிறீர்கள். இந்த நோயை ஆம், இல்லை என்று தீர்த்துச் சொல்ல ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது. மற்றவற்றை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டுதான் மருத்துவர் அங்கே வருவார். முதல் இ.எம்.ஜி.யில் தெளிவில்லை என்றால் சில மாதம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்வார்கள். அதுவரை ஒரே வீட்டில் இருந்துகொண்டு கழுத்துப் பிடிப்பு என்றே சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? பட்டனை அவரும் பார்த்திருப்பார்.

நான் மருத்துவன் அல்ல. ஆனால் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. ஒரு கையில் மட்டும் தொடங்கும் பலவீனத்தில் மல்டிஃபோகல் மோட்டார் நியூரோபதி என்று ஒன்று இருக்கிறது. பார்க்க இந்த நோய் மாதிரியே இருக்கும், ஆனால் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதத்தை ஏற்றினால் பலருக்குப் பிடி திரும்பும். ஹிராயாமா நோய் என்று இன்னொன்று, ஆசிய இளைஞர்களிடம் அதிகம். சில வருடம் சதையைக் கரைத்துவிட்டுப் பெரும்பாலும் தானே நின்றுவிடும். இருபது வயதையொட்டித் தொடங்குவது என்பதால் உங்களுக்குப் பொருந்துவது கொஞ்சம் கடினம். ஆனாலும் கழுத்தைக் குனியவைத்து எம்.ஆர்.ஐ. எடுப்பார்களா என்று கேளுங்கள். நேராகப் படுக்கவைத்து எடுத்தால் அது தப்பிவிடலாம். கழுத்துத் தண்டுவட அழுத்தமும் உண்டு. உங்களுக்கு இவற்றில் ஒன்றுதான் என்று நான் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் இன்னும் திறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

போனில் படித்த ‘இரண்டிலிருந்து ஐந்து வருடம்தான் ஆயுள்’ என்பது பெரும்பாலும் ஐம்பது, அறுபது வயதில் நோய் வந்தவர்களை வைத்துச் சொன்ன சராசரி. இளவயதில் தொடங்கினால் பொதுவாகக் கூடுதல் காலம் கிடைக்கிறது. அதற்காக இதே நோய் இருந்த விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்கைக் காட்டி ஆறுதல் சொல்பவர்களையும் நம்ப வேண்டாம். 1963-இல் 21 வயதில் கண்டறியப்பட்டு 76 வயதுவரை இருந்தவர் அவர். அரிதிலும் அரிது.

மகள் கேட்டால், ‘அப்பா கையில பலம் கொறஞ்சிருக்கு, டாக்டர் பாக்கறாங்க’ என்று சொன்னால் போதும். தன்னால்தான் அப்பாவுக்கு இப்படி ஆகிவிட்டது என்று குழந்தைகள் நினைத்துக்கொள்வதுண்டு. அது இல்லை என்பதையும், அவளுக்கு இது ஒட்டாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இங்கிலாந்தின் ரக்பி வீரர் ராப் பர்ரோவுக்கு 2019 டிசம்பரில், 37 வயதில் இந்த நோய் உறுதியானது. மூன்று சின்னக் குழந்தைகள். பேச்சு போன பிறகு, பழைய பேட்டிகளிலிருந்து உருவாக்கிய தன் குரலிலேயே, கண்ணசைவில் இயங்கும் கணினி வழியாக அவர்களிடம் பேசினார். 2024 ஜூனில் இறந்தார். உங்கள் குரலில் நாலு கதையை இப்போதே போனில் பதிந்து வையுங்கள். நோய் இல்லை என்று ஆனாலும் நஷ்டமில்லை.

அப்புறம், பயத்தில் இதை மறைத்துப் புது ஆயுள் காப்பீடு எடுக்க ஓடாதீர்கள். பின்னால் தொகையைக் கேட்டு அலையப்போவது உங்கள் மனைவிதான். இ.எம்.ஜி.க்கு அவரையும் கூட்டிப்போங்கள். ஊசி குத்தும்போது வலிக்கும். அதோடு, டாக்டர் சொல்வதில் பாதி உங்கள் காதில் விழாது.