கூடத்தில் பாட்டு கிளாஸ், அடுப்படியில் மகள்

கேள்வி: எங்கள் அம்மா கும்பகோணத்தில் 38 வருஷம் வீட்டிலேயே பாட்டு சொல்லிக்கொடுத்தவர். போன ஐப்பசியில் காலமாகிவிட்டார். வருஷத் திதி நெருங்குகிறது. ஹால் எடுத்து, பெரிய வித்வான் ஒருவரைக் கூப்பிட்டு, அம்மா பெயரில் பரிசு கொடுத்து, ஒரு மலரும் போடலாம் என்கிறான் தம்பி. மலரில் நான் இரண்டு பக்கம் எழுத வேண்டுமாம். எழுத உட்கார்ந்தால் கோபம்தான் வருகிறது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அவ்வளவு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த அம்மா என்னை மட்டும் அடித்தார். 12 வயதில் நிறுத்திவிட்டேன். அதற்கப்புறம் அவர் கூடத்தில் கிளாஸ் எடுப்பார், நான் அடுப்படியில் சாதம் வைப்பேன். வீட்டில் ஒரு தம்புரா, 22 நோட்டுகள், கிளாஸில் பதிவு செய்த 40 கேசட்டுகள் இருக்கின்றன. கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, நடுவில் வரும் குக்கர் விசில், பேச்சு எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, பென் டிரைவில் மலரோடு கொடுக்கலாம் என்கிறான் தம்பி. நான் என்ன செய்யட்டும்?
(ஒரு வாசகி, கும்பகோணம். கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். முதல் தரம் ஹால், பரிசு, மலர் இதெல்லாம்தான் கண்ணில் பட்டது. மூன்றாம் தரம் படிக்கும்போதுதான் 'என்னை மட்டும்' என்ற வார்த்தையை முழுக் கடிதத்தில் நாலு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள் என்று கவனித்தேன். அதனால் கேசட், தம்புராவுக்கெல்லாம் அப்புறம் வருகிறேன், முதலில் கோபத்தைப் பேசிவிடலாம்.

நான் எட்டு வருஷம் ஒரு பாட்டு டீச்சர் வீட்டில் படித்தவள். அவருக்கு என் வயதில் ஒரு மகள் இருந்தாள். ஜண்டை வரிசைப் பாடத்தில் நாங்கள் யாராவது சறுக்கினால் "பரவாயில்லை கண்ணு, இன்னொரு தரம்" என்பார், அதே இடத்தில் அவள் சறுக்கினால் தொடையில் பளார் என்று விழும். எங்களுக்கு அப்போது அது வேடிக்கை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, எங்கள் யாருக்கும் அவள் முகத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. ஊர்ப் பிள்ளை தப்பாகப் பாடினால் அது அந்தப் பிள்ளையோடு போய்விடும், சொந்தப் பிள்ளை தப்பாகப் பாடினால் 'டீச்சர் பெண்ணே இப்படியா' என்று ஊர் கேட்கும் என்கிற பயம், வீட்டில் சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்த பெண்களுக்கு நிறையவே இருந்தது. அவர்கள் பெயர்தான் அவர்கள் பிழைப்பு. இதைச் சொல்வதால் அடித்தது சரியாகிவிடாது. அது தப்புதான். 12 வயதுப் பெண்ணிடமிருந்து பாட்டைப் பறித்த தப்பு. உங்கள் கோபம் நியாயமானது, அதைத் திதிக்குள் முடித்துவிட வேண்டும் என்று எந்த அவசரமும் இல்லை.

ஆனால் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியை நான் விடப் போவதில்லை. "பிள்ளைகள் கமாஸ் ராகத்தில் 'நி' ஸ்வரத்தைத் தப்பாகப் பிடித்தால் அடுப்படியில் எனக்கே தெரிந்துவிடும், அம்மா வாய் திறப்பதற்கு முன்னால் அவர் என்ன சொல்வார் என்றுகூடத் தெரியும்" என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த மாணவியும் எட்டு வருஷமோ பத்து வருஷமோ வந்துவிட்டுக் கல்யாணமாகிப் போயிருப்பாள். ஒவ்வொரு விஜயதசமிக்கும் புதுப் பிள்ளைகள் மாயாமாளவகௌளை ராகத்தில் முதல் சரளி வரிசையைத் தொடங்கியதையும், அதில் சிலர் கீதம், ஸ்வரஜதி, வர்ணம் என்று ஏறிப் போனதையும் இத்தனை வருஷம் கேட்ட காது உங்களுடையது மட்டும்தான். மலரில் நீங்கள் எழுத வேண்டியது இதைத்தான்.

எப்படி எழுதுவது என்றால், பட்டங்களை விட்டுவிடுங்கள். 'இசையே மூச்சாக வாழ்ந்த அன்னை' என்று எழுதினால் அது யாருடைய அம்மாவாகவும் இருக்கலாம். காலையில் எத்தனை மணிக்கு ஸ்ருதிப் பெட்டியை ஆன் செய்வார், ஸ்ருதி ஐந்து கட்டையா ஐந்தரையா, தாளம் போட்டுப் போட்டு வலது தொடையில் புடவை நைந்துபோயிருக்குமா, ஒரு பிள்ளை ஸ்ருதி விலகினால் சொல்லித் திருத்துவாரா அல்லது தான் சேர்ந்து பாடி இழுத்து வருவாரா, ஜுரமாக இருந்த நாளில் கிளாஸை எப்படி நடத்தினார், இதையெல்லாம் எழுதுங்கள். உங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு அவர் வராமல் போனதை எழுதியிருந்தீர்களே, திருவையாறு ஆராதனைக்காகப் பிள்ளைகளுக்குப் பஞ்சரத்னம் பழக்கிக்கொண்டிருந்தார் என்று. அதையும் எழுதுங்கள். அந்தத் திருவையாற்றில் ஒரு காலத்தில் பெண்கள் உட்கார்ந்து பாடவே இடம் கொடுக்கவில்லை. பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் தன் சொத்தைச் செலவழித்து தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பி, பெண்களுக்காகவும் போராடினார், அதனால்தான் உங்கள் அம்மா தன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்கே போய் உட்கார முடிந்தது. அம்மாவுக்கு அந்த இடம் எவ்வளவு பெரிது என்பதும் உண்மை, மேடையில் நின்ற ஒரு சின்னப் பெண் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதும் உண்மை. ஒன்றை எழுதுவதற்காக இன்னொன்றை மறைக்க வேண்டியதில்லை, இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் படிப்பவர்களுக்கு உங்கள் அம்மா கண்ணில் தெரிவார்.

நம் சங்கீதத்தில் அம்மா வழியாக வந்த பங்கு ரொம்பப் பெரியது. வீணை தனம்மாள் (1867–1938) சென்னை ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசிப்பதைக் கேட்க வித்வான்களே வந்து உட்காருவார்கள். அவர் வாசித்து வெளிவந்த இசைத்தட்டுகள் கொஞ்சம்தான். ஆனால் அந்த வீட்டுப் பதங்கள், ஜாவளிகள் என்ற பாடல்கள் இன்றைக்கும் கேட்கக் கிடைக்கின்றன என்றால், மகள்கள் பாடினார்கள், பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் அதே பாடாந்தரத்தை, அதாவது அந்த வீட்டுப் பாடும் முறையைக் காப்பாற்றி மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள், அதனால்தான். இன்னொரு பேத்தி பாலசரஸ்வதி பரதநாட்டியம் ஆடினார், அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடியது அவருடைய அம்மா ஜயம்மாள். எம்.எல். வசந்தகுமாரிக்குப் புரந்தரதாசர் பாடல்கள் வந்ததும் அம்மா லலிதாங்கியிடமிருந்துதான். டி.கே. பட்டம்மாளின் அம்மா ராஜம்மாள் நன்றாகப் பாடுவார், ஆனால் அந்தக் குடும்ப வழக்கப்படி உறவுக்காரர்கள் முன்னால் பாடக்கூட அவருக்கு அனுமதி கிடையாது. 1919இல் பிறந்த மகள் மேடையேறி 1970இல் சங்கீத கலாநிதி ஆனார். இந்த அம்மாக்களில் பலரைப் பற்றி நமக்குத் தெரிந்தது ஒரு வரி, இரண்டு வரிதான். மகள்கள் பெரிய பெயர் எடுத்ததால் அந்த இரண்டு வரியாவது மிஞ்சியது. கும்பகோணத்து ஒரு தெருவில் 38 வருஷம் சொல்லிக்கொடுத்தவருக்கு அந்த இரண்டு வரியை நீங்கள்தான் எழுத வேண்டும்.

சரி, இப்போது நோட்டுகள். அந்த 22 நோட்டையும் அச்சுப் போடலாமா என்று முழுக் கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். போடலாம், ஆனால் முதல் வேலை அது இல்லை. நோட்டில் இருப்பது ஸ்வரமும் சாகித்யமும், ஸ்வரத்தை அசைத்துப் பாடுகிற கமகம் அதில் இருக்காது. சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினியில் ஒவ்வொரு கமகத்துக்கும் தனிக் குறி போட்டிருக்கிறார். அவ்வளவு கவனமாக எழுதிய புத்தகத்தையே ஒரு குருவிடம் வாயால் கேட்காமல் பாடிவிட முடியாது. உங்கள் அம்மா நோட்டில் அங்கங்கே ஒரு நெளிகோடு, ஒரு பெருக்கல் குறி, பென்சிலில் ஒரு வட்டம் என்று போட்டிருக்கிறார் என்கிறீர்கள். அது எதைச் சொல்கிறது என்று தெரிந்தவர்கள் அவருடைய மாணவிகள்தான், அவர்களில் மூத்தவர்களுக்கு இப்போதே ஐம்பது தாண்டியிருக்கும். மூன்று நான்கு பேரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டு, நோட்டைத் திறந்து வைத்து, பக்க எண்ணைச் சொல்லிவிட்டுப் பாடச் சொல்லுங்கள், செல்போனில் பதிவு செய்தால் போதும். நிச்சயமாகச் சண்டை வரும். முதல் செட்டில் படித்தவர் ஒரு வரியின் சங்கதியை ஒரு மாதிரி பாடுவார், கடைசி செட்டில் படித்தவர் வேறு மாதிரி பாடுவார், "டீச்சர் எனக்கு இப்படித்தான் சொன்னார்" என்று இரண்டு பேரும் சத்தியம் செய்வார்கள். இருவர் சொல்வதும் சரியாகத்தான் இருக்கும், 38 வருஷத்தில் அம்மாவே பாடத்தை மாற்றியிருப்பார். எது சரி என்று தீர்ப்பு சொல்லாமல், யார் எந்த வருஷம் படித்தார் என்று குறித்துக்கொண்டு இரண்டையும் பதிவு செய்யுங்கள். அவர்கள் மறந்துபோன இடத்தில் நீங்கள் வாய் திறப்பீர்கள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

ஹாஜர் நோட்டு இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பேர், தேதி, ஃபீஸ் எல்லாம் அதில் இருக்கும், ஃபீஸ் கட்டத்தில் எழுதாமல் விட்ட பேர்களும் இருக்கும். நோட்டுகளை எல்லாம் ஸ்கேன் செய்யுங்கள், கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். ராமபாணப் பூச்சி ஏறாத, ஈரம் படாத அலமாரியாகப் பார்த்து வையுங்கள்.

கேசட்டுகள்தான் அவசரம். ஓட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு கேசட்டின் மேல் விளிம்பிலும் உள்ள இரண்டு சின்ன பிளாஸ்டிக் தாழ்களை உடைத்துவிடுங்கள், தெரியாமல் ரெகார்ட் பட்டன் அழுந்தினாலும் அழியாது. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் அதை வீட்டில் ஓட்டாமல் இந்த வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்ல கேசட்டை ஒரு தரம் கடைசிவரை ஓடவிட்டுத் திரும்பச் சுற்றி, அப்புறம் பதிவு செய்யுங்கள். 40 கேசட்டும் 90 நிமிடம் என்றால் 60 மணி நேரம் உட்கார வேண்டும், குறுக்குவழி கிடையாது. வேவ் ஃபைலாக வைத்தால் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 40 ஜிபிக்குள் வந்துவிடும், இன்றைக்கு அது பெரிய இடமே இல்லை. உங்களிடம் ஒன்று, தம்பியிடம் ஒன்று, வெளியூர் மாணவி யாரிடமாவது ஒன்று என்று மூன்று பிரதி இருக்கட்டும். இன்னொரு விஷயம், பேட்டரி தளர்ந்த டூ இன் ஒன்னில் பதிவானது இப்போது ஓட்டும்போது வேகமாகி ஸ்ருதி ஏறிக் கேட்கும். அம்மாவின் கட்டை உங்களுக்குத் தெரியும் என்பதால், ஸ்ருதிப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களே சரிபார்க்கலாம். தம்பியால் இது முடியுமா என்று தெரியவில்லை.

2020 ஊரடங்கில் அம்மா போனில் பாடம் அனுப்பினார் என்று எழுதியிருந்தீர்கள். மாணவிகள் எல்லாருக்கும் இன்றைக்கே சொல்லுங்கள், அந்த வாய்ஸ் மெசேஜ்களை எடுத்து அனுப்பச் சொல்லி. போன் மாற்றினால் போய்விடும். அம்மாவின் கடைசிக் காலத்துக் குரல் அதில்தான் இருக்கிறது.

தம்புராவைக் கண்ணாடிப் பெட்டியில் போட்டு மாலை போட வேண்டாம். கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள், முழு இழுப்பில் வருஷக்கணக்கில் கிடந்தால் பலாமரமானாலும் வளையும். தஞ்சாவூர் பக்கத்திலேயே இருக்கிறது, வாத்தியம் செய்பவர் யாரிடமாவது காட்டி, கம்பியை முறுக்கும் பிரடை இறுகியிருக்கிறதா என்று பார்த்து, நாதம் ரீங்கரிக்கக் கம்பிக்கடியில் வைக்கும் ஜீவாவுக்குப் புது நூல் போட்டுக்கொள்ளுங்கள். திதிக்கு முன்னால் அது ஸ்ருதி சேர்ந்து நிற்க வேண்டும்.

ஹாலும் பரிசும் என் கருத்தில் இரண்டாம்பட்சம். தம்பிக்கு ஆசை இருந்தால் செய்யட்டும், அவருக்கும் அம்மாதானே, அவர் துக்கத்துக்கும் ஒரு வேலை வேண்டும். ஆனால் பெரிய வித்வானை மேடையில் உட்கார வைத்துவிட்டு மாணவிகளை நாற்காலியில் உட்கார வைக்காதீர்கள். மூத்தவரில் தொடங்கிப் போன வருஷம் சேர்ந்த குழந்தைவரை எல்லாரும் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து, அம்மா சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே, முதல் சரளியிலிருந்து பாடட்டும். ஷீல்டுக்கு ஆகும் பணத்தில், சொல்லிக்கொடுக்கும் மாணவி ஒருவரிடம் வசதியில்லாத பிள்ளை ஒன்றுக்கு ஒரு வருஷ ஃபீஸைக் கட்டிவிடலாம். ஹாஜர் நோட்டில் காலியாக விட்ட கட்டங்களைத் தம்பியிடம் காட்டுங்கள், அவருக்கே புரியும்.

நீங்கள் பாட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டியதில்லை. தம்புரா மீட்டலாம். மீட்டவும் மனசு வரவில்லை என்றால் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டு கேட்கலாம், அந்த வீட்டில் நீங்கள் எங்கிருந்து கேட்டீர்களோ அங்கிருந்தே.

கடைசியாக, அந்த வர்ணம் இருக்கிற கேசட். அனுபல்லவி நடுவில் விசில் அடிக்கிறது, அம்மா பாட்டை நிறுத்தி உங்கள் பேரைச் சொல்லி "குக்கரை இறக்கு" என்கிறார், விட்ட எடுப்பிலேயே மறுபடி பிடித்துக்கொள்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தம்பி ஊருக்குக் கொடுக்கும் பிரதியில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். உங்கள் பிரதியில் அதை வெட்ட விடாதீர்கள். 60 மணி நேரப் பதிவில் அவர் உங்களைக் கூப்பிடுகிற இடங்கள் இன்னும் எத்தனை இருக்கின்றன என்று கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.